உருளைக்கிழங்கில் மொட்டு உதிர்கிறது, ஜிப்ரலிக் அமிலம் அடித்தும் பலனில்லை

கேத்தி விவசாயி:
வணக்கம். நீலகிரியில் கார்போகத்துக்கு குப்ரி ஜோதி, குப்ரி ஸ்வர்ணா என்ற இரண்டு உருளை ரகங்களும் போட்டிருக்கிறேன். விதைக்கிழங்கு விற்கிற விலையில், ஒரு பாத்தியிலாவது பூவிலிருந்து விதை எடுத்து நாற்று விட்டுப் பார்க்கலாம் என்று ஆசை. கடுகு அளவுக்கு மொட்டு வருகிறது. அப்புறம் காம்பின் நடுக்கணு மஞ்சளாகி, விரல் பட்டாலே கழன்று விழுகிறது. மருந்துக்கடையில் கொடுத்த ஜிப்ரலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஹார்மோன் திரவத்தை லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்து அடித்தேன். செடியில் ஒரு மாற்றமும் இல்லை. அளவைக் கூட்டவா?

மலைத்தோட்டம்:
பாட்டிலில் எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது?

கேத்தி விவசாயி:
0.001 சதவீதம்.

மலைத்தோட்டம்:
அதுதான் காரணம் தம்பி. 0.001 சதவீதம் என்றால், தண்ணீரே கலக்காமல் அப்படியே அடித்தாலும் 10 பிபிஎம்தான் (பத்து லட்சத்தில் 10 பங்கு). லிட்டருக்கு ஒன்றரை மில்லி கலந்தால் 0.015 பிபிஎம். உருளையில் பூ வரவைக்க ஆராய்ச்சியாளர்கள் அடிப்பது 50 பிபிஎம் வாக்கில். அந்தத் திரவத்தை எவ்வளவு கூட்டினாலும் அங்கே போய்ச் சேர முடியாது.

திராட்சைக்காரர்கள் வாங்கும் 90 சதவீத ஜிப்ரலிக் அமிலத் தூள் கேளுங்கள். 1 கிராம் தூளை 18 லிட்டர் தண்ணீரில் கலந்தால் சரியாக 50 பிபிஎம். தூள் நேராகத் தண்ணீரில் சரியாகக் கரையாது, திட்டுத் திட்டாக மிதக்கும். முதலில் கொஞ்சம் ஆல்கஹாலில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றே அடிக்க வேண்டும். மொட்டு கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போதே அடியுங்கள், உதிர ஆரம்பித்த பிறகு அடித்துப் பயனில்லை.

விதைப் பாத்தியைத் தவிர வேறெங்கும் இது படக்கூடாது. செடி நெடுநெடுவென்று வளர்ந்து, கிழங்கு பிடிப்பது குறைந்துவிடும்.

சிம்லாவில் படித்தவன்:
அண்ணன் சொன்ன கணக்கு சரி. ஆனால் ஹார்மோன் மட்டும் போதாது. உருளை நன்றாகப் பூக்க நீண்ட பகல் வேண்டும். சிம்லாவுக்குப் பக்கத்துக் குப்ரியில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். உருளை ஆராய்ச்சியாளர்கள் இனக்கலப்புக்கு அந்த இடத்தை வைத்துக்கொண்டதற்கு அது முக்கியக் காரணம். ஊட்டியில் மிக நீண்ட பகலே பன்னிரண்டே முக்கால் மணிதான். பாத்தி சின்னது என்றால், பொழுது சாய்ந்ததும் நாலைந்து மணி நேரம் பல்பு எரியவிடுங்கள்.

இன்னொன்று, கீழே கிழங்கு பெருக்கத் தொடங்கினால் சத்து அங்கே போய்விடும், மொட்டு பட்டினி கிடக்கும். அதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. விதைக்கிழங்கைச் செங்கல் மேல் வைத்து மண் அணைப்பார்கள். வேர் கீழே இறங்கியதும் மேல்மண்ணைக் கழுவிவிட்டு, கிழங்கு பிடிக்கும் தண்டுகளை வெளியே வர வரக் கிள்ளிவிடுவார்கள். எனக்கு இதுதான் தெளிப்பைவிட நம்பகமாகத் தோன்றுகிறது.

கோத்தகிரி அக்கா:
மிளகாயில் பூ உதிராமல் இருக்க அடிக்கிறோமே பிளானோபிக்ஸ் மருந்து, அதை அடித்தால் மொட்டு உதிராமல் இருக்குமா?

சிம்லாவில் படித்தவன்:
அக்கா, அது காம்பைப் பிடித்து வைக்க உதவலாம். மகரந்தம் சேராவிட்டால் உள்ளே விதை இருக்காது. உருளைப் பூவில் தேன் கிடையாது, அதனால் தேனீ அவ்வளவாக வராது. பல ரகங்களில் மகரந்தமே மலடு. மகரந்தப் பை ஆரஞ்சு கலந்த மஞ்சளில் குண்டாக இருக்கிறதா, வெளிறிச் சூம்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலையில் பூவைக் கறுப்புத் தாள் மேல் சுண்டினால் பொடி கொட்டுகிறதா என்பதும் தெரிந்துவிடும். கொட்டினால், அந்தப் பொடியை மறு ரகத்தின் சூல்முடியில் தடவுங்கள்.

கேத்தி விவசாயி:
ரொம்ப நன்றி. காய் பிடித்துவிட்டால் விதையை உடனே போடலாமா?

மலைத்தோட்டம்:
தடவி ஆறு, எட்டு வாரம் ஆன காயைப் பறித்து, மெத்தென்று ஆனதும் பிசைந்து அலசி, நிழலில் உலர்த்துங்கள். புது விதை ஏறக்குறைய ஆறு மாதம் உறங்கும். அவசரம் என்றால் 1500 பிபிஎம் ஜிப்ரலிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்துப் போடலாம். உருளை வேரைத் தாக்கும் நூற்புழுவின் முட்டைக்கூடு மண்ணோடும் கிழங்கோடும்தான் பரவும், விதையில் அந்தப் பயம் இல்லை. 1961-லேயே நீலகிரியில் கண்டுபிடித்த புழு அது, நமக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஜோதி அப்படியே திரும்ப வராது. காயைக் குட்டித் தக்காளி என்று பிள்ளைகள் வாயில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், நச்சு.

கேத்தி விவசாயி:
சரிங்க அண்ணா. தூள் வாங்கி அடுத்த மொட்டுக்கு அடிக்கிறேன். பாதிப் பாத்தியை அடிக்காமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டு இங்கே எழுதுகிறேன்.