போவி கத்தி: யார் கைவேலை பிடிக்கும், எது காசுக்குத் தகும்?

டல்லாஸ்காரன்:

போவி கத்தி, அதாவது ஜிம் போவி என்பவர் பெயரால் வழங்கும் பெரிய அமெரிக்க வேட்டைக் கத்தி, வைத்திருப்பவர்கள், வாங்கலாமா என்று ரொம்ப நாளாக யோசிப்பவர்கள், கண்காட்சியில் எடுத்துப் பார்த்து விலையைக் கேட்டதும் மெதுவாகத் திரும்ப வைத்தவர்கள், எல்லாரும் வாங்க. யாருடைய கைவேலை பிடிக்கும், கொடுத்த காசுக்கு எது தகும் என்று உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். பிள்ளையார் சுழி நான் போடுகிறேன்.

என் ஓட்டு ஆர்கன்சா மாநிலத்துக் கொல்லர்களுக்கு. லிட்டில் ராக் நகரில் ஹிஸ்டாரிக் ஆர்கன்சா மியூசியம் இருக்கிறது. 'போவி நம்பர் 1' என்று பொறித்த பழைய கத்தியும் கேரிகன் கத்தி என்று சொல்லப்படுவதும் அங்கேதான் இருக்கின்றன. கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது என்னை இழுத்தது அளவு இல்லை, அடக்கம்தான். சவப்பெட்டி வடிவத்தில் பிடி, அதில் வரிசையாகச் சின்னச் சின்ன வெள்ளி ஆணிகள். பல்லும் முள்ளுமாகச் செய்து விற்கும் சினிமாக் கத்திகளை அதற்குப் பிறகு பார்க்கவே பிடிக்கவில்லை.

அந்த மாநிலத்தின் வாஷிங்டன் என்ற சின்ன ஊரில் இருந்த ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லர்தான் ஜிம் போவிக்குக் கத்தி அடித்துக் கொடுத்தார் என்பது ஊர்க்கதை. பிளாக்குக்குப் பார்வை போனபிறகு ஒரு குடும்பம் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டது. அந்த வீட்டுப் பையன் டேனியல் வெப்ஸ்டர் ஜோன்ஸ் பின்னாளில் ஆர்கன்சா ஆளுநர் ஆனார். 1870இல், தன் எழுபதாவது பிறந்தநாளில், எஃகுக்குத் தோய்ச்சல் போடும் (காய்ச்சி, சட்டென்று குளிரவைத்துக் கடினமாக்கும்) ரகசியத்தைச் சொல்கிறேன், எழுதிக்கொள் என்று பிளாக் உட்கார வைத்தாராம். நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லையாம். சொன்னவர் ஜோன்ஸ். கதை அருமை, ஆனால் அப்படியே நம்ப எனக்கு மனசு வரவில்லை. அதே ஊரில் 1988இல் கத்திக்கொல்லர்களுக்கென்று பள்ளி தொடங்கியது மட்டும் கதை இல்லை. பில் மோரன் முதலானவர்கள் 1976இல் அமைத்த அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் வேலை அது.

காசு விஷயத்துக்கு வருகிறேன். அந்தச் சங்கத்தில் இரண்டு படி உண்டு. ஜர்னிமேன் ஸ்மித் என்றால் அலகில் 'ஜேஎஸ்' முத்திரை, மாஸ்டர் ஸ்மித் என்றால் 'எம்எஸ்'. முதல் படிக்கே சோதனை கடுமை. பத்து இஞ்சுக்கு மேற்படாத அலகில் தானே அடித்த கத்தியால், தொங்குகிற ஒரு இஞ்ச் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். டூ-பை-ஃபோர் என்கிற கட்டட வேலை மரக்கட்டையை இரண்டு தடவை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதற்குப் பிறகும் கை முடியை மழிக்கும் அளவுக்குக் கூர் நிற்க வேண்டும். கடைசியில் அதே கத்தியை வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் மாட்டி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். உடைந்து விழுந்தால் போச்சு. இதெல்லாம் தேறியபின் ஐந்து முடித்த கத்திகளை நடுவர்கள் முன்னால் வைக்க வேண்டும். எம்எஸ் என்றால் சோதனைக் கத்தி குறைந்தது 300 அடுக்கு டமாஸ்கஸாக, அதாவது அடுக்கடுக்காக எஃகை ஒட்டி அடித்ததாக, இருக்க வேண்டும்.

அதனால் என் கணக்கு இது. ஜெர்ரி ஃபிஸ்க், லின் ரே, டெக்சாஸின் ஹார்வி டீன் போன்ற மாஸ்டர்களின் போவிகளை ஜூன் மாதம் அட்லாண்டா பிளேட் ஷோ என்ற கத்திக் கண்காட்சிக்குப் போய்க் கையில் பிடித்துப் பாருங்கள், கண்ணும் கையும் பழகட்டும். வாங்குவதை ஜேஎஸ் முத்திரைக்காரரிடம் வாங்குங்கள். நான் பார்த்த வரையில் எண்ணூறு, ஆயிரம் டாலருக்கு அவர்களிடம் கிடைக்கிற சாதா கார்பன் ஸ்டீல் போவிக்கு மேல் நல்ல பேரம் இந்த உலகத்தில் இல்லை. மாஸ்டர் ஆகிவிட்டால் அதே கைக்கு விலை எங்கேயோ போய்விடும்.

ஹூஸ்டன் தாத்தா:

தம்பி, ஆயிரம் டாலரைப் பேரம் என்று சொல்கிற காலம் வந்துவிட்டது! இருக்கட்டும்.

நான் எஸ்டேட் சேல் (ஒரு வீட்டுச் சாமான்களை மொத்தமாக விற்பது), ஃப்ளீ மார்க்கெட் (பழைய சாமான் சந்தை) ஆள். என் பேரம் வெஸ்டர்ன் கம்பெனியின் டபிள்யூ49. கொலராடோ மாநிலம் போல்டரில் செய்தது, ஒன்பதரை இஞ்ச் அலகு, பித்தளை கார்டு (பிடிக்கும் அலகுக்கும் நடுவில் கையைக் காக்கும் குறுக்குத் துண்டு). வியட்நாம் போருக்குப் போன பையன்கள் நிறையப் பேர் கையோடு கொண்டுபோன கத்தி. இன்றைக்கும் பழைய சாமான் மேசைகளில் அகப்படும். எடுத்தால் முதலில் கார்டும் அலகும் சேரும் இடத்தைப் பார்ப்பேன், பச்சைக் களிம்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு முனை. யாராவது பெயிண்ட் டப்பா திறந்து, ஒடிந்ததைக் கிரைண்டரில் தேய்த்துச் சரி பண்ணியிருந்தால் மேல் வளைவு குட்டையாகித் தெரியும். விற்பவர் 'அப்படித்தான் வந்தது' என்பார். சிரித்துவிட்டு நகர்ந்துவிட வேண்டியதுதான்.

கைவேலையில் என் ஆசை ராண்டல். ஃப்ளோரிடா மாநிலம் ஆர்லாண்டோ. பழைய போ ராண்டல், மிஷிகனில் ஏரிக்கரையில் ஒருவன் படகில் பெயிண்ட் சுரண்டுவதைப் பார்த்தாராம். அந்தச் சுரண்டலுக்கும் வாய், அதாவது கூர், போகாமல் நின்ற கத்தி ஸ்கேகல் என்ற கத்திக்கொல்லர் செய்தது. அதை விலைக்கு வாங்கி வந்து, தானும் செய்து பார்க்கலாமே என்று 1930களின் கடைசியில் தொடங்கிய பட்டறை. அவர்களுடைய 'ஸ்மித்ஸோனியன் போவி' 11 இஞ்ச் நீளம், முக்கால் இஞ்சில் பாதிக் கனம், அதாவது எட்டில் மூன்று. ஒரு தடவை பிடித்துப் பார்த்தேன். என் வயசுக்கு அது கத்தி இல்லை, உடற்பயிற்சி. பட்டறையில் நேராகச் சொல்லிவைத்தால் வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டீலரிடம் உடனே கிடைக்கும், காத்திருக்காததற்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்வார்.

ஒரு வேடிக்கை: அலாமோக் கோட்டைச் சண்டையில் 1836 மார்ச் 6 அன்று ஜிம் போவி செத்த மண்ணில், இந்த டெக்சாஸில், போவி கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டு தெருவில் போவது 2017 செப்டம்பர் 1 வரைக்கும் குற்றம். சட்டத்தில் பேர் சொல்லியே தடுத்திருந்தார்கள். இப்போது போகலாம். ஐந்தரை இஞ்சுக்கு மேல் அலகு இருந்தால் பள்ளிக்கூடம், கோர்ட், வாக்குச்சாவடி மாதிரி இடங்களுக்கு மட்டும் கூடாது.

பட்டறைக்காரன்:

தாத்தா சொன்ன 'உடற்பயிற்சி' சத்தியமான வார்த்தை. கனமாக இருந்தால் நல்ல கத்தி என்று நம் ஆட்களும் வெள்ளைக்காரர்களும் ஒருசேர நம்புகிறார்கள்.

எங்கள் வீடு சிவகங்கைப் பக்கம், சொந்தக்காரர்கள் அரிவாள் பட்டறை வைத்திருந்தார்கள். நான் மிஷிகனில் மெஷின் ஷாப்பில் வேலை. இங்கே போவி செய்கிறவர்கள் '5160' என்று பெருமையாகச் சொல்கிற எஃகு வேறொன்றும் இல்லை, வண்டிக்குப் போடும் ஸ்பிரிங் ஸ்டீல். ஊரில் லாரிப் பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பதும் இதே குடும்பத்து எஃகில்தான். முறியாது, வளைந்து கொடுக்கும், கல்லில் பட்டாலும் வாய் பொத்தென்று பெயராது. அடுத்து 1084, 52100, டபிள்யூ2. அலகில் மேகம் போல ஓடும் ஹேமன் கோடு வேண்டும் என்றால் முதுகில் களிமண் பூசி டபிள்யூ2வைத் தோய்ப்பார்கள். பார்க்க அழகு, எனக்கும் பிடிக்கும். வெட்டுவதற்கு 5160 போதும்.

கண்காட்சியில் நான் பார்ப்பது மூன்றே இடம்தான். கத்தியைக் கண் மட்டத்தில் பிடித்து முதுகை மேலிருந்து பார்ப்பேன்: கார்டு பக்கம் தடித்து முனையை நோக்கிப் படிப்படியாக மெலிந்து போக வேண்டும். சுத்தியல் பிடித்தவன் அதைச் செய்யாமல் விடமாட்டான். பட்டையை வாங்கி வெறுமனே தேய்த்து எடுத்த மலிவுக் கத்திகள் பலவற்றில் முதுகு கடைசி வரை ஒரே கனமாக ஓடும், அந்த எடை முழுக்க முனையில் வந்து உட்காரும். பிறகு கார்டும் அலகும் சேரும் கோடு. விளக்கு வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஒரு மயிரிழைகூட வெளிச்சம் வரக்கூடாது. ஈயம் வைத்து அடைத்திருந்தால் அதுவும் கண்ணுக்குத் தெரியும். பிறகு பிடி. உருண்டையாக இருந்தால் கீழே வைத்துவிடுவேன். வீசும்போது கைக்குள் திரும்பிவிடும். முட்டை வடிவ வெட்டு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டே வாய் எந்தப் பக்கம் என்று விரலுக்குத் தெரியும்.

டமாஸ்கஸ் போவி நூறு டாலர் என்று கன் ஷோ மேசைகளில் குவித்து வைத்திருப்பார்களே, என்ன எஃகு என்று கேட்டுப் பாருங்கள். 'ஹை கார்பன்' என்ற ஒரே பதில்தான் வரும். எண் சொல்லாத எஃகுக்கு நான் காசு கொடுப்பதில்லை. ஆசிட்டில் முக்கினால் அடுக்கு எஃகில் வரி தெரியும், தோய்ச்சல் ஏறியதா என்று வரி சொல்லாது.

கரோலினா அக்கா:

பேச்செல்லாம் அலகைப் பற்றியே இருக்கிறது. என் கை சின்னது. கடையில் விற்கும் எந்தப் போவியின் பிடியும் எனக்கு விறகுக் கட்டைதான்.

கைவேலைக் கத்திக்கு நான் ஏன் காசு கொடுத்தேன் என்றால், ஜேஎஸ் முத்திரை வாங்கிய ஒரு கொல்லர் என்னிடம் கேட்ட முதல் கேள்வியே கையுறை அளவுதான். பிறகு ஒரு தாளில் கையை விரித்து வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பச் சொன்னார். மரத்தில் மாதிரிப் பிடி ஒன்று செதுக்கி அனுப்பினார். அதைச் சமையலறையில் வைத்துக்கொண்டு அடிக்கடி பிடித்துப் பார்த்தேன், சுண்டு விரல் பக்கம் தடிப்பாக இருந்தது, பென்சிலால் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் மேப்பிள் மரத்தை வெட்டினார். எட்டரை இஞ்ச் அலகு, கார்டு சாதா இரும்பு, அலங்காரம் எதுவுமே கிடையாது. அவ்வளவு தந்தம், கொம்பு, வெள்ளி வேலை செய்த கத்திகளை அட்லாண்டாவில் பார்த்திருக்கிறேன். மாற்றிக்கொள்கிறாயா என்றால் மாட்டேன்.

சார்களும் அண்ணன்களும் ஒன்று கவனிக்கணும். 1827 செப்டம்பர் 19, மிசிசிப்பி ஆற்றங்கரை ஊரான நேட்செஸ் எதிரே மணல்திட்டில் நடந்த சண்டையில்தான் போவிக்கும் கத்திக்கும் பேர் வந்தது. அந்தக் கத்தியைக் கொடுத்தது நான்தான் என்று அண்ணன் ரெசின் போவி 1838இல் எழுதினார். ஒன்பதேகால் இஞ்ச் நீளம், ஒன்றரை இஞ்ச் அகலம், ஒரு பக்கம் கூர், வளைவு கிடையாது என்று அவரே அளவு கொடுத்திருக்கிறார். வேட்டைக் கத்தி, அவ்வளவுதான். பன்னிரண்டு இஞ்ச் வாங்கினால்தான் 'அசல்' என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

மலையேறி:

நான் கைவேலை எதுவும் வாங்கியதில்லை, வாங்கப்போவதும் இல்லை. கே-பார் பெக்கர் பிகே9. ஒன்பது இஞ்ச், 1095 க்ரோவான் எஃகு. மழையில் விறகு பிளந்திருக்கிறேன், கூடாரத்துக்கு முளை சீவியிருக்கிறேன். கருப்புப் பூச்சு உரிந்து அசிங்கமாக இருக்கிறது, வேலை செய்கிறது. கொஞ்சம் கூடப் போட முடிந்தால் கோல்ட் ஸ்டீல் டிரெயில் மாஸ்டர். பட்ஜெட் இன்னும் சின்னது என்றால் பக் 119, ஆறு இஞ்ச், 420எச்சி எஃகு. போவியின் தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆயிரம் டாலர் கத்தியால் யாரும் விறகு பிளந்து நான் பார்த்ததில்லை.

டல்லாஸ்காரன்:

மலையேறி, எங்கள் வீட்டுக்கு வாங்க, பார்ப்பீங்க. சோதனையில் கட்டையை வெட்டித் தேறியவர் செய்த கத்தியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது எனக்குப் பிடிக்காது. மற்றபடி பிகே9 பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை.

கோவை வாசகன்:

அண்ணன்களுக்கு வணக்கம். படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. இந்தியாவில் இருந்துகொண்டு ஒன்று வரவழைக்கலாமா?

பட்டறைக்காரன்:

தம்பி, முதலில் சட்டத்தைப் பார். இந்தியாவின் ஆயுத விதிகளில் 9 இஞ்சுக்கு மேல் நீளமோ 2 இஞ்சுக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதக் கணக்கில் சேரும். வீட்டு வேலை, விவசாயம், தொழிற்சாலை மாதிரி உபயோகத்துக்குச் செய்ததற்குத்தான் விலக்கு. போவியை வெங்காயம் நறுக்க வரவழைத்தேன் என்றால் கஸ்டம்ஸில் யாரும் நம்பமாட்டார்கள். எட்டு இஞ்சுக்குள் இருந்தாலும் பார்சலைத் திறந்து பார்ப்பவர் என்ன நினைக்கிறார் என்பதைப் பொறுத்தது.

இன்னொரு விஷயம். அமெரிக்காவில் விற்கிற மலிவு விலைப் போவிகளில் சில நம் நாட்டிலிருந்தே போகின்றன. டேராடூனில் 1943 முதல் இருக்கும் வின்ட்லஸ் கம்பெனிக்கு ஜார்ஜியா மாநிலத்தில் அட்லாண்டா கட்லரி என்ற கடையே உண்டு. அலங்காரமாக மாட்டி வைக்க அதில் ஒன்று போதும் என்பேன்.

ஹூஸ்டன் தாத்தா:

முன்பணம் பற்றி யாருமே பேசவில்லையே. கொல்லர் ஒருவரிடம் பாதிப் பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்த நண்பர் எனக்கு உண்டு. முதலில் கை வலி, பிறகு பட்டறை மாற்றம், பிறகு போன் எடுப்பதே இல்லை. பேர் சொல்ல விரும்பவில்லை. முன்பணமே வாங்காமல் வரிசையில் பேர் எழுதிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். இல்லையென்றால் மேசையில் முடித்து வைத்திருப்பதைக் காசு கொடுத்து எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கரோலினா அக்கா:

வாங்கி வந்தபின் தோல் உறையிலேயே போட்டு வைக்காதீங்க. தோல் பதனிட்ட மருந்தும் ஈரமும் சேர்ந்து கார்பன் ஸ்டீலைத் துருப்பிடிக்க வைக்கும், பித்தளையில் தாத்தா சொன்ன பச்சைக் களிம்பு வரும். கத்தி தனி, உறை தனி. அலகில் மெல்லிசாக மெழுகோ மினரல் ஆயிலோ தடவி வைத்தால் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுக்கு ஏறும்.

டல்லாஸ்காரன்:

அக்கா, மரத்தில் செதுக்கிய அந்த மாதிரிப் பிடியை என்ன செய்தீர்கள்? படம் இருந்தால் போடுங்கள். அடுத்து நான் கத்தி செய்யச் சொல்லப்போகிற கொல்லரிடம் அதைக் காட்டி, இப்படிச் செய்வீர்களா என்று கேட்கணும்.