மில் வேலைக்குப் போய் வந்த அக்காக்களிடம் பேச வேண்டும், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி பட்டப்படிப்பு) மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். சுமங்கலித் திட்டம் என்று சொல்லி நூற்பாலைகளுக்குப் பெண்களை அழைத்துப் போனதுதான் என் ஆய்வு. மூன்று வருடம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்பார்கள், நடுவில் உடம்பு முடியாமல் வீடு திரும்பினால் அந்தப் பணமும் கிடைக்காது. போன வாரம் ஒரு அக்கா, புரோக்கர் கொடுத்த நோட்டீஸை அரிசி டிரம்முக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டினார். மடிப்பெல்லாம் கிழிந்து போயிருந்தது, தாலிப் படம் மட்டும் பளிச்சென்று இருந்தது. எனக்குப் பேச்சே வரவில்லை.

இப்படி வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுக்குச் சம்மதம் என்றால் மட்டும், சொல்லுங்கள். பெயர், ஊர் எதுவும் எழுத மாட்டேன், போட்டோ கிடையாது, பாதியில் வேண்டாம் என்றால் அதோடு நிறுத்திவிடுவேன்.

அப்புறம், பொங்கல் லீவில் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் போடுகிறோம். மில் வேலைக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே, எப்படி வெளியே வருவது என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே ரத்து என்பது யாருக்கும் தெரியவில்லை. இதை எளிமையாக விளக்க ஒரு வக்கீல், முடிந்தால் பெண் வக்கீல், வர முடியுமா? பஸ் செலவும் மதியச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எழுதி ரேஷன் கடையில் ஒட்டப்போகிறோம், அதற்குப் படம் வரைந்து தருபவர்களும் இன்பாக்ஸில் வாருங்கள்.