பள்ளி வேன் ஆப்: எதைக் காசு கொடுத்து வாங்குவது, எதை நாமே எழுதுவது?

திண்டுக்கல்_வேன்

வணக்கம். திண்டுக்கல்லில் எங்கள் மாமா 12 பள்ளி வேன் ஓட்டுகிறார். ஒரு வேனுக்குச் சராசரியாக 30 பிள்ளைகள். காலை ஆறரை மணியிலிருந்தே "வேன் எங்க வருது?" என்று அவருக்குப் போன் வந்துகொண்டே இருக்கும். அவர் எடுக்காவிட்டால் டிரைவருக்கு அடிப்பார்கள். டிரைவரும் ஒரு கையில் ஸ்டியரிங்கோடு பதில் சொல்கிறார். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போனபோது இதைப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நானே ஒரு ஆப் செய்து தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு ஃபிளட்டர் (ஆப் எழுதும் கருவி) ஓரளவு தெரியும். தேவை மூன்றுதான். வேன் வரைபடத்தில் நகர வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் வரும்போது நோட்டிஃபிகேஷன் போக வேண்டும். பெற்றோர் போன் நம்பர் போட்டு ஓடிபி மூலம் உள்ளே வர வேண்டும்.

இதற்கு நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: தகவலைச் சேமிக்க கூகுளின் ஃபயர்ஸ்டோர், கூகுள் மேப்ஸ் டைரக்‌ஷன்ஸ், நோட்டிஃபிகேஷன் அனுப்ப மாதக் கட்டணத்தில் ஒரு புஷ் சேவை, ஓடிபிக்கு ஒரு எஸ்எம்எஸ் வெண்டர், யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்க ஒரு அனலிடிக்ஸ் எஸ்டிகே (ஆப்புக்குள் சேர்க்கும் வெளி நிறுவனக் கோடு), ஆப் திடீரென்று நின்றுபோனால் சொல்லும் கிராஷ் ரிப்போர்ட்டுக்கு ஒன்று. மாமா மாதம் 3,000 ரூபாய்க்கு மேல் தர முடியாது என்கிறார். இதில் எதை வைக்கலாம், எதைத் தூக்கலாம்?

சேலம்_டெவ்

ஃபயர்பேஸ் (ஃபயர்ஸ்டோரும் அடங்கிய கூகுள் தொகுப்பு) ஒன்றிலேயே பாதி வேலை முடிந்துவிடும். கிராஷ் ரிப்போர்ட்டுக்குக் கிராஷ்லிடிக்ஸ் இலவசம், நோட்டிஃபிகேஷனுக்கு எஃப்சிஎம் இலவசம். மாதக் கட்டணப் புஷ் சேவை எதற்கு? ஆண்ட்ராய்டில் அவர்களும் எஃப்சிஎம் வழியாகத்தானே அனுப்புகிறார்கள். விளம்பர மெசேஜைப் பிரித்துப் பிரித்து அனுப்ப மார்க்கெட்டிங் ஆள் இருந்தால் அந்த டேஷ்போர்டு உதவும். "வேன் வந்துவிட்டது" என்று சொல்ல அது தேவையில்லை. ஃபயர்ஸ்டோரும் தினமும் 50,000 ரீட் (ஒரு பதிவை ஒருமுறை படிப்பது) இலவசம், உங்களுக்குத் தாராளமாகப் போதும்.

கோவை_மொபைல்

தம்பி, என் மகளும் தினமும் வேனில்தான் பள்ளிக்குப் போகிறாள். உங்கள் கேள்வியை ஒரு அம்மாவாகவும் படித்தேன். பதினொரு வருடமாக ஆப் எழுதுகிறேன், பெரும்பாலும் சின்னக் கடைகளுக்கும் கிளினிக்குகளுக்கும். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

புஷ் பற்றிச் சேலம் நண்பர் சொன்னது சரி. ஆனால் ஃபயர்ஸ்டோர் போதும் என்பதை ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வேன் 5 விநாடிக்கு ஒருமுறை தன் இடத்தை எழுதினால் ஒரு மணி நேரத்தில் 720 தடவை. அதை 30 பெற்றோர் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாற்றமும் ஆளுக்கு ஒரு ரீட், ஆக 21,600. மாலை டிரிப்பும் சேர்த்தால் 43,200. ஒரே ஒரு வேன் அந்த 50,000-ஐக் கிட்டத்தட்டத் தின்றுவிடுகிறது. 12 வேனுக்கு ஒரு நாளைக்கு 5,18,400. எல்லோரும் ஒரு மணி நேரம் முழுக்கத் திறந்து வைத்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் மழை கொட்டுகிற காலையில் வைத்திருப்பார்கள். அன்றைக்குத்தான் உங்கள் ஆப் ஓட வேண்டும்.

அதே ஃபயர்பேஸில் இருக்கும் ரியல்டைம் டேட்டாபேஸ் ரீட் எண்ணிக்கைக்குக் காசு வாங்குவதில்லை, இறங்கும் டேட்டாவின் அளவுக்குத்தான் வாங்குகிறது. ஒரு தடவைக்கு 200 பைட் என்று தாராளமாக வைத்தாலும் மேலே சொன்ன அத்தனையும் சேர்ந்து நாளைக்கு 104 எம்பிதான். மாதம் 10 ஜிபி வரை இலவசம். இலவசத் திட்டத்தில் ஒரே நேரத்தில் 100 இணைப்புதான் கிடைக்கும், உங்களுக்கு 360 வீடு. அதனால் கார்டு கொடுத்து, பயன்படுத்திய அளவுக்குக் காசு வாங்கும் பிளேஸ் திட்டத்துக்குப் போகத்தான் வேண்டும். போனதும் பட்ஜெட் அலர்ட் வையுங்கள். ஆனால் அந்த அலர்ட் மெயில் மட்டும்தான் அனுப்பும், பில்லை நிறுத்தாது. இதைத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறையப் பேர். 5 விநாடியை 15 ஆக்கினாலும் பெற்றோருக்கு எந்தக் குறையும் தெரியாது.

வரைபடத்துக்கு வருவோம். ஆப்புக்குள் கூகுள் மேப்பைக் காட்டுவது செலவில்லை. "எத்தனை நிமிடத்தில் வரும்" என்று அவர்களிடம் கேட்கிற ஒவ்வொரு தடவைக்கும்தான் கணக்கு ஓடுகிறது. அதை நீங்கள் கேட்கவே வேண்டாம். உங்கள் வேன் தினமும் அதே தெரு, அதே நிறுத்தம், அதே வேகத்தடை வழியாகத்தான் போகிறது. இரண்டு வாரம் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்தைச் சேமித்து வையுங்கள். மூன்றாவது நிறுத்தத்திலிருந்து ஏழாவதுக்கு வழக்கமாக எத்தனை நிமிடம் என்று உங்கள் டேட்டாவே சொல்லும். லெவல் கிராசிங் கேட் எத்தனை மணிக்குப் போடுவார்கள் என்பதுகூட அதில் தானாகவே வந்துவிடும். இந்த ஒரு விஷயத்தை நீங்களே எழுதுங்கள். அப்புறம், மேப்ஸ் ஏபிஐ கீயை (வரைபடத்தைப் பயன்படுத்த கூகுள் தரும் சாவி) வேறு ஆப் பயன்படுத்தாதபடி, உங்கள் ஆப்பின் பேக்கேஜ் பெயருக்கும் அதன் கையெழுத்தின் எஸ்ஹெச்ஏ-1 கைரேகைக்கும் மட்டும் என்று பூட்டி வையுங்கள்.

அடுத்தது ஓடிபி. நான் மிகவும் அடிபட்ட இடம் இது. சில வருடம் முன்பு ஒரு கிளினிக்குக்கு டோக்கன் ஆப் செய்தோம். ஒருநாள் சாயங்காலம் ஓடிபி மெசேஜின் கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்தேன். வாக்கியம் அரைகுறையாக நிற்கிறதே என்று தோன்றியது, அவ்வளவுதான். அன்று இரவு ஏழு மணியிலிருந்து யாருக்கும் ஓடிபி போகவில்லை. நம் ஊரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதிப்படி ஒவ்வொரு மெசேஜின் வாசகமும் டிஎல்டி என்ற ஆபரேட்டர்களின் பதிவேட்டில் முன்பே பதிவாகியிருக்க வேண்டும், மாறும் எண் வரும் இடத்தை மட்டும் விட்டு. ஒரு எழுத்து மாறினாலும் ஆபரேட்டர் நிறுத்திவிடுவார். வெண்டரின் டேஷ்போர்டிலோ எல்லா மெசேஜும் பச்சை நிறத்தில் "அனுப்பப்பட்டது" என்றே இருந்தது. அவர்கள் ஆபரேட்டரிடம் ஒப்படைத்ததைத்தான் அப்படிக் காட்டியிருக்கிறார்கள், போனில் போய்ச் சேர்ந்ததை அல்ல. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு நான் கண்டுபிடிக்கும்வரை வாசலில் பாட்டிகளும் கைக்குழந்தைக்காரிகளும் டோக்கன் போட முடியாமல் நின்றார்கள். வெண்டரின் சப்போர்ட் பதில் அதற்கும் பிறகுதான் வந்தது.

அதனால் எஸ்எம்எஸ் வெண்டரைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை மூன்றாவதாகப் பாருங்கள். டெலிவரி ரிப்போர்ட்டை நம் சர்வருக்கு உடனே அனுப்புவார்களா என்பது முதலில். சப்போர்ட்டில் போனை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பது இரண்டாவது. வாங்கும் முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் கூப்பிட்டுப் பார்த்துவிடுங்கள். இன்னொன்று, ஓடிபியை ஆப் தானாகப் படிக்க வேண்டுமென்றால் மெசேஜில் 11 எழுத்து ஹேஷ் (ஆப்பை அடையாளம் காட்டும் குறியீடு) ஒன்று வர வேண்டும். அது ஆப்பில் கையெழுத்திடும் சைனிங் கீயைப் பொறுத்தது. பிளே ஸ்டோர் தன் கீயால் கையெழுத்திடுவதால், உங்கள் லேப்டாப்பில் கிடைக்கும் ஹேஷ் வேறு, ஸ்டோரிலிருந்து இறங்கும் ஆப்பின் ஹேஷ் வேறு. தவறான ஹேஷோடு மெசேஜ் வாசகத்தை டிஎல்டியில் பதிந்துவிட்டால் திரும்ப முதலிலிருந்து அலைய வேண்டும்.

அனலிடிக்ஸ் எஸ்டிகேயைத் தூக்கிவிடுங்கள். பிள்ளைகள் எங்கே ஏறி எங்கே இறங்குகிறார்கள் என்ற தகவல் இருக்கும் ஆப் அது. இன்னொரு நிறுவனத்தின் கோடு அதற்குள் உட்கார வேண்டிய அவசியம் என்ன? 2020 மே மாதமும் ஜூலை மாதமும் ஃபேஸ்புக் எஸ்டிகேயில் வந்த கோளாறால் ஸ்பாட்டிஃபை, பின்ட்ரெஸ்ட் மாதிரி பெரிய ஐபோன் ஆப்களே திறந்தவுடன் மூடிக்கொண்டன. அந்த ஆப்களை எழுதியவர்கள் தங்கள் கோடில் ஒரு வரிகூட மாற்றவில்லை.

கடைசியாக, எந்தச் சேவையும் நிரந்தரம் என்று நினைக்காதீர்கள். ஆப்களுக்குச் சர்வர் வேலையைச் செய்து தர பார்ஸ் என்று ஒன்று இருந்தது. ஃபேஸ்புக் 2013-இல் வாங்கியது, 2016 ஜனவரியில் மூடப்போவதாகச் சொன்னது, ஓராண்டில் மூடியது. ஆப்பைத் திறக்கும் இணைப்புகளுக்கான கூகுளின் டைனமிக் லிங்க்ஸ் 2025 ஆகஸ்ட் 25-உடன் நின்றுவிட்டது. அதனால் ஓடிபி, புஷ், வரைபடம் மூன்றுக்கும் உங்கள் கோடில் தனித்தனியாக ஒரு கிளாஸ் (தனிக் கோடுப் பகுதி) வையுங்கள். மற்ற எந்தத் திரையும் வெண்டரின் எஸ்டிகேயை நேரடியாகத் தொடக் கூடாது. கிளினிக் ஆப்பில் வெண்டரின் ஃபங்ஷனை 23 இடத்தில் கூப்பிட்டிருந்தேன். வேறு வெண்டருக்கு மாற ஒரு வாரம் ஆனது. அடுத்த ஆப்பில் அதே வேலை ஒரே ஃபைலில் இருந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிட்டேன்.

மதுரை_டெஸ்டர்

இரண்டு விஷயம் மட்டும். விவோ, ஓப்போ, ரெட்மி போன்களில் பேட்டரி மிச்சம் பிடிப்பதாக ஆப்பை மூடிவிடுவார்கள், நோட்டிஃபிகேஷன் வராது. எந்தச் சேவையை வாங்கினாலும் இது மாறாது. ஆட்டோஸ்டார்ட் செட்டிங்கை எங்கே போய் மாற்றுவது என்று ஆப்பிலேயே படம் போட்டுத் தமிழில் காட்டுங்கள்.

டிரைவர் ஆப்பில், அவர் "டிரிப் ஆரம்பம்" பொத்தானை அழுத்தும்போது ஃபோர்கிரவுண்ட் சர்வீஸைத் தொடங்குங்கள். திரையை அணைத்தாலும் இடம் பதிவாகும், மேலே ஒரு நோட்டிஃபிகேஷன் நிற்கும். பின்னணி லொகேஷன் அனுமதியைத் தனியாகக் கேட்டால் பிளே ஸ்டோர் காரணம் கேட்கும், வீடியோ கேட்கும், நாள் இழுக்கும்.

திண்டுக்கல்_வேன்

அக்கா, ரொம்ப நன்றி. அந்த 43,200 கணக்கை மாமாவிடமே போட்டுக் காட்டினேன். டீசல் கணக்கு மாதிரி உடனே புரிந்துகொண்டார். ஒரு சந்தேகம். டிஎல்டி பதிவுக்கு நிறுவனப் பெயர், பான் எல்லாம் கேட்கிறார்கள். மாமா தன் பெயரில்தான் வண்டி ஓட்டுகிறார். 360 பேர் ஒரே ஒரு தடவை உள்ளே வருவதற்கு இத்தனை அலைச்சல் தேவையா?

கோவை_மொபைல்

நல்ல கேள்வி தம்பி, இதை நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். தேவையில்லை. யார் யார் பெற்றோர் என்று மாமாவுக்கு முன்பே தெரியும். மாதாமாதம் கட்டண ரசீது கொடுக்கிறார் இல்லையா? அதிலேயே பிள்ளைக்கு ஒன்றாக எட்டு எழுத்துக் குறியீட்டை அச்சடித்துக் கொடுங்கள். அம்மா போன், அப்பா போன் என்று இரண்டில் மட்டும் அது வேலை செய்யட்டும். மூன்றாவது போனில் போட்டால் மாமாவுக்குத் தகவல் வர வேண்டும். ரசீது தொலைந்தால் பழையதை ரத்து செய்துவிட்டுப் புதியது. குறியீட்டைச் சரிபார்த்து ஃபயர்பேஸுக்கு ஒரு கஸ்டம் டோக்கன் (உள்ளே விடும் அனுமதிச் சீட்டு) கொடுக்கிற வேலை சர்வரில் சின்ன ஃபங்ஷன்தான்.

ஆனால் ஒன்றை மறக்கவே கூடாது. டேட்டாபேஸைத் தொடங்கும்போது டெஸ்ட் மோடு என்று கேட்கும். அதில் யார் வேண்டுமானாலும் 30 நாள் எல்லாவற்றையும் படிக்கலாம், எழுதலாம். முதல் நாளே ரூல்ஸை எழுதுங்கள்: 4-ஆம் எண் வேனின் பெற்றோர் 4-ஆம் எண் வேனை மட்டும் பார்க்க வேண்டும். எழுதியதும் வேறொரு வேனின் குறியீட்டில் உள்ளே போய் நீங்களே தேடிப் பாருங்கள், எதுவும் தெரியக் கூடாது. பிள்ளைகளின் பெயரை அந்த டேட்டாபேஸில் வைக்கவே வேண்டாம். நிறுத்த எண் போதும்.

திண்டுக்கல்_வேன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஒரு வேனில் மட்டும் ஓடுகிறது. 15 விநாடிக்கு ஒருமுறை, ரசீதுக் குறியீடு, எஃப்சிஎம், கிராஷ்லிடிக்ஸ். அவ்வளவுதான், வேறு எதுவும் வாங்கவில்லை. அந்த வேனின் டிரைவர் அண்ணன் போனை டேஷ்போர்டில் மாட்டிவிட்டு இப்போது தொடுவதே இல்லை. நேற்று காலை அவருக்கு வந்த போன் இரண்டுதான், அதில் ஒன்று பிள்ளைக்குக் காய்ச்சல், வரமாட்டாள் என்று.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. சிறுமலை அடிவாரப் பக்கம் மூன்று நிறுத்தத்தில் சிக்னல் போய்விடுகிறது. வேன் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி வரைபடத்தில் தெரிகிறது, பெற்றோர் பதறிப்போகிறார்கள். டிரைவர் போனில் சேமித்து வைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பலாமா?

கோவை_மொபைல்

சேமித்து அனுப்புங்கள், உங்கள் நிறுத்த நேரக் கணக்குக்கு அது வேண்டும். ஆனால் அம்மாக்களுக்கு அது உதவாது, அதற்குள் வேனே வந்துவிடும். ஒரு நிமிடம் புது இடம் வராவிட்டால் வேன் படத்தைச் சாம்பல் நிறமாக்கிவிட்டு, கீழே "கடைசியாகப் பார்த்தது 7:12, இந்தப் பகுதியில் சிக்னல் இருக்காது" என்று காட்டுங்கள்.