கை காட்டிக்கொடுத்த கொலைகாரன்

தண்டையார்பேட்டை வாசகி: ஐசக் அசிமோவின் ‘தி சிங்கிங் பெல்’ (பாடும் மணி, 1955) என்ற அறிவியல் புனைகதை படித்திருக்கிறீர்களா? நிலாவில் கொலை செய்தவன், பூமியை விட்டு நகரவே இல்லை என்று சாதிக்கிறான். துப்பறியும் வெண்டெல் அர்த் என்பவரோ பயணம் என்றாலே நடுங்குகிறவர்! விடை தெரிந்த பிறகும் இது ஏன் இவ்வளவு இனிக்கிறது?

காசிமேட்டுத் தம்பி: முடிவைச் சொல்கிறேன், படிக்காதவர்கள் தாண்டிவிடுங்கள். நிலாவில் கிடைக்கும் பாடும் மணி ஒன்றைத் தன்னிடம் எறியச் சொல்கிறார் அர்த், கொலைகாரன் எறிகிறான். எட்டாமல் விழுந்து உடைகிறது. நிலாவின் ஈர்ப்பு பூமியில் ஆறில் ஒரு பங்குதான், கை அதற்குப் பழகி, விசை குறைவாக எறிந்துவிட்டது. விசைப்படகிலிருந்து இறங்கும் எங்கள் அண்ணனுக்கும் தரை கொஞ்ச நேரம் ஆடும். அதனால் அந்த இடம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது அக்கா.

ராயபுரம் நூலகப் பிரியன்: சரி, இரண்டாம் முறை படித்துப் பாருங்கள். அர்த் பேச்சை வளர்ப்பதெல்லாம் அந்த எறிதலுக்காகத்தான். எனக்கு அதுதான் ருசி.