கல்நார் நுரையீரல் நோய் கண்டறியப்பட்ட விதம்: அனுபவப் பகிர்வு

லேகிங் தொழிலாளி ஒருவரின் மகள்

என் அப்பா 1970-களில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அனல்மின் நிலையங்களில் ஒப்பந்தத் தொழிலாளியாக லேகிங் வேலை, அதாவது குழாய்களுக்கு வெப்பக் காப்பு உறை போடும் வேலை, பார்த்தவர். நீராவிக் குழாய்களின் மேல் கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸால் ஆன கயிற்றைச் சுற்றுவதும், ஆஸ்பெஸ்டாஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசுவதும், பராமரிப்புக்காக இயந்திரம் நிறுத்தப்படும் நாட்களில் பழைய பூச்சைக் கொத்தி எடுப்பதும் அவருடைய பணி. துண்டை மூக்கில் கட்டிக்கொண்டதைத் தவிர வேறு பாதுகாப்பு இருந்ததில்லை. அதை விட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்த்தபோது பல்லாண்டுகள் நலமாகவே இருந்தார். அறுபத்தைந்தைக் கடந்த பிறகுதான் வரப்பில் நடந்தாலே மூச்சு வாங்கத் தொடங்கியது. வறட்டு இருமலும் சேர்ந்துகொண்டது.

முதலில் பார்த்த இடத்தில், சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாதபோதும், எக்ஸ்ரேயில் நிழல் தெரிகிறது என்று ஆறு மாதம் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். மூச்சிரைப்பு குறையவில்லை. அடுத்து நாங்கள் சென்ற நெஞ்சக நோய் மருத்துவர், படத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே, “ஐயா, சின்ன வயதிலிருந்து என்னென்ன வேலை பார்த்தீர்கள், வரிசையாகச் சொல்லுங்கள்” என்று கேட்டார். அதற்கு முன் தொழில் என்னவென்று கேட்டவர்களிடமெல்லாம் அப்பா “விவசாயம்” என்றுதான் சொல்லியிருந்தார். கேட்ட நேரத்தில் அவர் பார்த்த வேலை அதுதானே. பாய்லர், கயிறு, பூச்சு என்று அவர் சொல்லச் சொல்ல மருத்துவர் குறித்துக்கொண்டார். முதுகின் அடிப்பகுதியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், விரல் நுனிகளைப் பார்த்தார், பிறகு சி.டி. ஸ்கேனைக் குப்புறப் படுக்க வைத்தும் எடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். கல்நார் இழைகளால் நுரையீரலில் தழும்பு விழும் ஆஸ்பெஸ்டோசிஸ் என்ற நோயின் பெயரை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்டோம். தழும்பை நீக்க மருந்தில்லை என்பதையும் அவரே சொன்னார். என்றாலும் பயனற்ற மாத்திரைகள் நின்றதும், தடுப்பூசிகள் போடப்பட்டதும், நடக்கும்போது ஆக்சிஜன் அளவு குறைவதை உரிய காலத்தில் அறிந்ததும் சிறிய உதவிகள் அல்ல.

நெஞ்சக நோய் மருத்துவர்

மேலே எழுதிய சகோதரி விவரித்த பாதையிலேயே என்னிடம் வந்தவர்களில் பலரும் வந்திருக்கிறார்கள். கல்நார் இழை உள்ளே போவதற்கும் மூச்சிரைப்பு தோன்றுவதற்கும் இடையில் பெரும்பாலும் இருபது ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகிவிடுவதால், நோயாளியே அந்த வேலையைத் தன் நோயோடு இணைத்துப் பார்ப்பதில்லை. ஆகவே லேகிங், கூரைத் தகட்டுத் தொழிற்சாலை, பிரேக் லைனிங், கப்பல் எஞ்சின் அறை, கப்பல் உடைப்பு ஆகிய சொற்களை நானே எடுத்துச் சொல்லிக் கேட்கிறேன். பெண்களிடம் கணவரின் வேலை உடையைத் துவைத்ததுண்டா என்றும் கேட்பேன்.

ஆஸ்பெஸ்டோசிஸ் உள்ளவரின் நுரையீரலின் அடியில், மூச்சை உள்ளிழுக்கும் முடிவில், ஒட்டுப்பட்டையைப் பிரிப்பது போன்ற ஒலி கேட்கும். காசநோயும், சிலிக்கா தூசியால் வரும் சிலிக்கோசிஸும் பெரும்பாலும் மேற்பகுதியில் தொடங்குபவை. ஆஸ்பெஸ்டோசிஸ் கீழ்ப்பகுதியில், நுரையீரல் உறையை ஒட்டித் தொடங்குவது. மல்லாந்து படுத்து எடுத்த சி.டி. படத்தில், நோயில்லாதவருக்கும் நுரையீரலின் பின்பகுதி அமுங்கி மங்கலாகத் தெரியலாம். குப்புறப் படுத்த பிறகும் அந்த மங்கல் மறையாவிட்டால்தான் அதைத் தழும்பாகக் கொள்ள முடியும். ஸ்பைரோமெட்ரி என்னும் மூச்சளவுப் பரிசோதனையில் நுரையீரலின் கொள்ளளவு குறைந்திருக்கும். வாயுப் பரிமாற்றத் திறன் பல நேரம் அதற்கும் முன்பே குறைந்துவிடுகிறது.

மிகவும் கடினமானது, காரணம் தெரியாமல் வரும் நுரையீரல் தழும்பு நோயிலிருந்து இதைப் பிரித்தறிவதுதான். படத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். நுரையீரல் உறையிலோ உதரவிதானத்தின் மேலோ சுண்ணாம்பு படிந்த திட்டுகள் இருந்தால், அவை கல்நாரோடு பழகியதற்கான வலுவான சான்று. அத்திட்டுகள் மட்டும் உள்ளவருக்கு ஆஸ்பெஸ்டோசிஸ் என்று சொல்லிவிடக் கூடாது. அவை பெரும்பாலும் மூச்சைப் பாதிப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. பணி வரலாறு, படம், வேறு காரணம் இல்லை என்ற உறுதி ஆகிய மூன்றும் பொருந்தினால் திசு எடுத்துச் சோதிக்க வேண்டிய தேவை அரிதாகவே எழுகிறது.

நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும் நீர் கோத்து, விடாத நெஞ்சுவலியும் இருந்தால் காத்திருக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மீசோதீலியோமா என்னும் உறைப் புற்றுநோயை, உறிஞ்சி எடுத்த நீரைச் சோதித்து மட்டும் விலக்கிவிட முடியாது. உறையிலிருந்து திசு எடுக்க வேண்டியிருக்கும். புகைபிடிப்பவர் கல்நாரிலும் வேலை பார்த்திருந்தால் நுரையீரல் புற்றுநோய்க்கான ஆபத்து பன்மடங்காகிறது.

கல்நார்க் கூரைத் தகட்டின் கீழ் வசிப்பவர்கள் அச்சத்தோடு கேட்கிறார்கள். உடையாத தகட்டிலிருந்து காற்றில் கலக்கும் இழை மிகக் குறைவு. அறுப்பதும் துளையிடுவதும் உடைப்பதும்தான் ஆபத்து. ஆஸ்பெஸ்டோசிஸ் வருவதற்கு நெடுங்காலம் மிகுந்த தூசியில் இருந்திருக்க வேண்டும். மீசோதீலியோமாவோ அதைவிடக் குறைந்த அளவிலும் வரக்கூடும் என்பதால், பழைய தகட்டை உடைத்து அப்புறப்படுத்துவதை வீட்டு வேலையாக எண்ண வேண்டாம்.

ஆஸ்பெஸ்டோசிஸைக் கண்டறியும் மருத்துவர், தொழிலாளர் பாதுகாப்புச் சட்டப்படி, அரசின் தலைமை ஆய்வாளருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். நான் எழுதி அனுப்புகிறேன். மற்ற மருத்துவர்களும் அனுப்ப வேண்டும்.

கூரைத் தகட்டுத் தொழிற்சாலையில் பணியாற்றியவர்

எனக்கு உறைத் திட்டு மட்டுமே இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆண்டுதோறும் பரிசோதனைக்குச் செல்கிறேன். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது ஓய்வு பெற்ற பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை நிர்வாகம் பாதுகாக்க வேண்டும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நான் கேட்டபோது என் பதிவேடு கிடைக்கவில்லை. வருங்கால வைப்பு நிதிக் கணக்குச் சீட்டும், இ.எஸ்.ஐ. அட்டையும், உடன் வேலை பார்த்த இருவரின் வாக்குமூலமும்தான் என் பணிக்காலத்துக்குச் சான்றாக ஏற்கப்பட்டன. ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்களிடம் இவையும் இருக்காது. அந்தச் சகோதரியின் தந்தையோடு வேலை பார்த்தவர்கள் எவரேனும் இன்னும் இருந்தால், அவர்களிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அவர்களுக்கும் முதுகின் அடிப்பகுதியை ஒரு மருத்துவர் கேட்டுப் பார்க்கட்டும்.