உபுண்டு பார்டிஷனை அழித்த பிறகு கிரப் திரையிலேயே நிற்கிறது, விண்டோஸ் ஃபைல்களைக் காப்பாற்ற முடியுமா?

தென்மராட்சி ரீச்சர்:
வணக்கம், அவசரமாக உதவி வேண்டும். தம்பி வெளிநாடு போகும்போது எனக்குத் தந்துவிட்டுப் போன எச்பி மடிக்கணினி, அதில் விண்டோஸ் 10, உபுண்டு (லினக்ஸ்) என்று இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. போட்டவுடன் எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும், நான் எப்போதும் விண்டோஸைத்தான் எடுப்பேன். சி டிரைவில் இடம் போதாமல் போனதால் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். அவர்கள் விண்டோஸுக்குள் இருந்தபடியே உபுண்டு இருந்த பார்டிஷன்களை (டிஸ்கில் பிரித்த பகுதிகளை) அழித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போட்டால் கறுப்புத் திரையில் மேலே "மினிமல் பாஷ்-லைக் லைன் எடிட்டிங் இஸ் சப்போர்ட்டட்" என்று தொடங்கும் இரண்டு மூன்று வரி, கீழே "கிரப்>" என்று மட்டும் இருக்கிறது, வேறொன்றும் நடப்பதில்லை. கடையில் கேட்டால் விண்டோஸும் போய்விட்டது, ஃபோர்மட் பண்ணித்தான் திரும்பப் போடவேண்டும் என்கிறார்கள். உள்ளே தரம் 10, 11 தவணைப் பரீட்சை வினாத்தாள்கள், பிள்ளைகளின் புள்ளிகள் எல்லாம் இருக்கின்றன, பாமினி எழுத்துருவில் நானே இருந்து தட்டியவை, வேறு எங்கும் பிரதி இல்லை. உண்மையிலேயே போய்விட்டதா?

கொக்குவிலான்:
ரீச்சர், ஃபோர்மட் பண்ணக் கொடுத்துவிட வேண்டாம். அதுதான் முதல் அலுவல். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் விண்டோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடு அப்படியே இருக்கிறது, படலையில் மாட்டியிருந்த பலகைதான் விழுந்திருக்கிறது.

நடந்தது இதுதான். உபுண்டு போடும்போது கிரப் என்ற பூட் லோடரையும் (கணினியைப் போட்டவுடன் விண்டோஸையோ உபுண்டுவையோ எழுப்பிவிடும் சின்ன மென்பொருள்) சேர்த்துப் போடும். புது மடிக்கணினிகளில் (யுஇஎஃப்ஐ என்ற புது பூட் முறை உள்ளவற்றில்) அந்தக் கிரப் ஃபைல் உபுண்டு பார்டிஷனுக்குள் இருப்பதில்லை, ஈஎஸ்பி என்ற தனிச் சின்னப் பார்டிஷனில் இருக்கும். ஃபாட்32 வகை, விண்டோஸ் 10 போட்ட கணினியில் பெரும்பாலும் 100 எம்பிதான், விண்டோஸ் எக்ஸ்புளோரரில் கண்ணுக்கே படாது. அங்கேயிருக்கும் கிரப்புக்கு ஒரு குட்டி செட்டிங் ஃபைல், "இந்த அடையாள எண் உள்ள பார்டிஷனைத் தேடிப் போ, மிச்சமெல்லாம் அங்கே இருக்கிறது" என்று. கடைக்காரர் அந்தப் பார்டிஷனை அழித்துவிட்டார், ஈஎஸ்பியில் இருந்த கிரப்பைத் தொடவில்லை. அதனால் கிரப் எழும்புகிறது, தேடுகிறது, கிடைக்காமல் உங்களிடமே கேட்டுக்கொண்டு நிற்கிறது. விண்டோஸின் சொந்த பூட் லோடரும் அதே ஈஎஸ்பியில் பக்கத்து ஃபோல்டரில்தான் இருக்கிறது, அதை ஒருவரும் தொட்ட மாதிரித் தெரியவில்லை.

இப்போது அந்தத் திரையிலேயே இரண்டு விஷயம் அடித்துப் பாருங்கள். (கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிக்கவேண்டும்.) முதலில் "எக்கோ $கிரப்_பிளாட்ஃபோர்ம்". ஈஎஃப்ஐ என்று வந்தால் நான் சொன்னது சரி, பிசி என்று வந்தால் பழைய பயோஸ் முறை, அதற்கு வைத்தியம் வேறு. பிறகு "எல்எஸ்" என்று அடித்து என்டர். எச்டி0 என்பதற்குப் பக்கத்தில் ஜிபிடி1, ஜிபிடி2 என்று வருகிறதா, எம்எஸ்டோஸ்1 என்று வருகிறதா என்று வடிவாகப் பார்த்துச் சொல்லுங்கள் (ஜிபிடி என்பது புது வகைப் பார்டிஷன் அட்டவணை, எம்எஸ்டோஸ் என்பது பழைய எம்பிஆர் வகை). இவை பார்க்கிற கட்டளைகள் மட்டும்தான், எதையும் மாற்றாது.

மாவிட்டபுரம்:
இதற்கு ஏன் இவ்வளவு? விண்டோஸ் பென்ட்ரைவ் ஒன்று செய்து அதில் பூட் பண்ணி, ரிப்பேர் போய், கொமாண்ட் புரொம்ப்டில் "பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்", "பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்" இரண்டும் அடித்தால் முடிந்தது. நான் எங்கள் வீட்டு டெஸ்க்டொப்புக்கு அப்படித்தான் செய்தேன்.

கொக்குவிலான்:
உங்கள் டெஸ்க்டொப் பழைய முறையாக இருந்திருக்கும் அண்ணா, அதற்கு அது சரியான மருந்துதான். ஃபிக்ஸ்எம்பிஆர் செய்வது டிஸ்கின் முதல் செக்டரில் இருக்கும் பூட் கோடை மாற்றி எழுதுவது. அந்த 512 பைட்டில் முதல் 446 பைட் பூட் கோட், அடுத்த 64 பைட் பார்டிஷன் அட்டவணை, கடைசி 2 பைட் கையொப்பம். 446-ஐ மட்டும் விண்டோஸுடையதாக மாற்றும், அட்டவணையைத் தொடாது, ஆகவே ஆபத்தில்லை. ஆனால் யுஇஎஃப்ஐ கணினி அந்த பூட் கோடைப் படிப்பதே இல்லை. அங்கே எத்தனை தரம் அடித்தாலும் திரும்பவும் கிரப்தான் வரும். ஃபிக்ஸ்பூட் அடித்தால் விண்டோஸ் 10-இல் அனேகமாக "அக்சஸ் இஸ் டினைட்" என்று வரும், அதைப் பார்த்துப் பயந்துதான் கனபேர் ஃபோர்மட்டுக்குப் போகிறார்கள். அதனால்தான் எந்த முறை என்று முதலில் கேட்டேன்.

தென்மராட்சி ரீச்சர்:
அடித்துப் பார்த்தேன். ஈஎஃப்ஐ என்று வருகிறது. எல்எஸ் அடித்தால் எச்டி0 ஜிபிடி4, ஜிபிடி3, ஜிபிடி2, ஜிபிடி1 என்று ஒரே வரியில் வந்தது. இனி என்ன செய்ய? வீட்டில் கரண்ட் அடிக்கடி போகிறது, இடையில் நின்றால் பிரச்சினையா?

கொக்குவிலான்:
நல்லது, நினைத்த மாதிரியேதான். பற்றரி நன்றாக ஏறியிருக்கட்டும், சார்ஜரும் செருகியே இருக்கட்டும், அது போதும்.

இனி விண்டோஸுக்குள் போவோம். "எக்சிட்" என்று அடித்து என்டர் கொடுங்கள், சில கணினிகளில் அதோடு அடுத்த பூட் லோடருக்குப் போய் விண்டோஸே வந்துவிடும். திரும்பவும் இதே திரை வந்தால் கணினியை நிறுத்தி, போட்ட கையோடு எஸ்கேப்பை விட்டு விட்டு அழுத்துங்கள், மெனு வந்ததும் எஃப்9. (எச்பிக்கு இப்படி. டெல், லெனோவோ என்றால் எஃப்12.) வரும் பட்டியலில் "உபுண்டு" என்றும் "விண்டோஸ் பூட் மனேஜர்" என்றும் இருக்கும். இரண்டாவதைத் தெரிவு செய்யுங்கள்.

விண்டோஸ் வந்தால் உடனே ஒரு பென்ட்ரைவில் வினாத்தாள், புள்ளிகள் எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். மற்ற எதையும் அதற்குப் பிறகுதான் தொடவேண்டும்.

வடலி:
இடையில் ஒன்று சொல்லவேண்டும், இதை விட்டுவிட்டால் பெரிய தலையிடி. பிட்லொக்கர் (டிஸ்கைச் சாவி போட்டுப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நாமாகப் போடாவிட்டாலும் சில மடிக்கணினிகளில் மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்தவுடன் டிவைஸ் என்கிரிப்ஷன் என்ற அதே வகைப் பூட்டு தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். பூட் ஒழுங்கையோ செக்கியூர் பூட்டையோ (நம்பகமான பூட் ஃபைலை மட்டும் இயங்க விடும் செட்டிங்) மாற்றினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் கணினியில் அது யாருடைய கணக்கில் இருக்கிறது? தம்பியுடையது என்றால் சாவியும் அவருடைய கணக்கில்தான் இருக்கும், இப்போதே அவரை எழுப்பிக் கேட்டு வாங்கி ஒரு தாளில் எழுதி வையுங்கள். அட்மின் கொமாண்ட் புரொம்ப்டில் "மனேஜ்-பிடிஈ -ஸ்டேட்டஸ்" அடித்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். இருந்தால் "மனேஜ்-பிடிஈ -புரொடெக்டர்ஸ் -டிசேபிள் சி:" என்று கொடுத்துத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். செக்கியூர் பூட்டை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், இந்த வேலைக்கு அது தேவையே இல்லை.

தென்மராட்சி ரீச்சர்:
எக்சிட் அடித்தால் திரும்பவும் அதே திரைதான். எஃப்9-இல் விண்டோஸ் பூட் மனேஜர் இருந்தது, எடுத்தேன், விண்டோஸ் வந்துவிட்டது!! எல்லா ஃபைலும் இருக்கிறது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, உங்கள் எல்லோருக்கும் மிக்க நன்றி. பென்ட்ரைவில் எடுத்துவிட்டேன், தம்பியின் கணக்குக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பிட்லொக்கர் இல்லை என்று வந்தது. ஆனால் நிறுத்திப் போட்டால் திரும்பவும் கிரப்தான் வருகிறது. ஒவ்வொரு தரமும் எஃப்9 அழுத்தவேண்டுமா?

கொக்குவிலான்:
தேவையில்லை ரீச்சர், இனித்தான் கிரப்பை அகற்றப் போகிறோம். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடி, வலது கிளிக், ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். பவர்ஷெல் வேண்டாம், காரணம் கீழே.

முதலில் விண்டோஸை முன்னுக்குக் கொண்டு வருவோம். "மவுண்ட்வொல் எஸ்: /எஸ்" அடித்தால் மறைந்திருக்கும் ஈஎஸ்பிக்கு எஸ் என்ற எழுத்துக் கிடைக்கும். பிறகு "பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யுஇஎஃப்ஐ". இது விண்டோஸின் பூட் ஃபைல்களைப் புதிதாக எழுதி, விண்டோஸ் பூட் மனேஜரைப் பட்டியலின் தலையில் வைத்துவிடும். கணினியை ஒருதரம் நிறுத்திப் போட்டுப் பாருங்கள், எதுவும் அழுத்தாமல் நேரே விண்டோஸ் வரவேண்டும். வந்தால் மட்டும் அடுத்த படி. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம்: விண்டோஸ் தன் காலில் நிற்கிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் மற்றதை அழிக்கவேண்டும். கடையில் அந்த ஒழுங்கைத் தலைகீழாகச் செய்ததால்தான் உங்களுக்கு இந்த அலைச்சல் எல்லாம்.

அடுத்து "பிசிடிஎடிட் /எனம் ஃபேர்ம்வெயர்". நீளமாக வரும். அதில் "டிஸ்கிரிப்ஷன் உபுண்டு" என்று இருக்கும் பகுதியைத் தேடுங்கள், அதன் பாதை ஈஎஃப்ஐ, உபுண்டு, ஷிம்எக்ஸ்64 என்று போகும். அதே பகுதியின் மேலே ஐடென்டிஃபையர் என்று நெளிவு அடைப்புக்குள் நீண்ட எண் இருக்கும், அதைப் பிரதி எடுத்து "பிசிடிஎடிட் /டிலீட்" என்பதற்குப் பின்னால் அடைப்போடு ஒட்டுங்கள். பவர்ஷெல்லில் நெளிவு அடைப்பு வேறு அர்த்தம் கொள்ளும், மேற்கோள் குறி போடாவிட்டால் பிழை காட்டும், அதனால்தான் வேண்டாம் என்றேன். "பூட்எம்ஜிஆர்" என்று அடைப்புக்குள் இருப்பதை மட்டும் தொடவே கூடாது, அது விண்டோஸ்.

கடைசியாக ஃபோல்டர். மறுபடி மவுண்ட்வொல் கட்டளையைக் கொடுங்கள் (நிறுத்திப் போட்டதும் எஸ் எழுத்துப் போயிருக்கும்), "எஸ்:" என்று மாறி, "சிடி ஈஎஃப்ஐ", "டிஐஆர்". பூட், மைக்ரோசொஃப்ட், உபுண்டு என்று ஃபோல்டர்கள் தெரியும், எச்பியின் ஃபோல்டர் ஒன்றும் இருக்கலாம். "ஆர்டி /எஸ் உபுண்டு", கேட்டால் "வை" (Y) என்ற எழுத்தை அடியுங்கள். மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

இந்த ஃபோல்டரை அழிக்காமல் விட்டால் என்ன என்று சிலர் கேட்பார்கள். உபுண்டு தன் ஷிம்மின் (கிரப்பை எழுப்பிவிடும் முதல் ஃபைலின்) ஒரு பிரதியை பூட் ஃபோல்டரிலும் வைத்திருக்கும், கூடவே எஃப்பிஎக்ஸ்64 என்று ஒரு உதவி ஃபைல். பட்டியல் காணாமல் போய்க் கணினி அந்த வழியால் எழும்பினால், அந்த உதவி ஃபைல் உபுண்டு ஃபோல்டரைக் கண்டுபிடித்து உபுண்டு என்ற பதிவைத் திரும்ப எழுதிவிடும். அழித்தது திரும்பத் திரும்ப வருகிறது என்று கனபேர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

தட்டிவான்:
இழையை மறிக்க விரும்பவில்லை, ஆனால் எனக்கும் இதே மாதிரி. பழைய டெஸ்க்டொப், எம்பிஆர் டிஸ்க், லினக்ஸ் மிண்டை அகற்ற வேண்டும், இன்னும் எதையும் அழிக்கவில்லை. விண்டோஸ் பென்ட்ரைவ் கட்டாயமா?

மாவிட்டபுரம்:
ஓம், உங்களுக்குக் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், நான் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தும். 8 ஜிபி பென்ட்ரைவ் வேண்டும், இறக்குவது சில ஜிபி வரும், நைட் டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். மிண்ட் இருக்கும்போதே பென்ட்ரைவில் பூட் பண்ணி ஃபிக்ஸ்எம்பிஆர் கொடுங்கள். விண்டோஸ் நேரே வந்தால் பிறகு டிஸ்க் மனேஜ்மென்டில் மிண்ட் பார்டிஷனை அழியுங்கள். விண்டோஸ் பூட் பார்டிஷன் அக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் எம்பிஆர் சரியாக இருந்தும் எழும்பாது.

வடலி:
தட்டிவானுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பழைய டெஸ்க்டொப்பில் 11 ஏறாது என்றால் இணையத்துக்குப் போகிற வேலைக்கு மிண்டையே வைத்திருப்பது நல்லது என்று நான் உண்மையாகவே நினைக்கிறேன். பட்டியலில் விண்டோஸ் தெரியவில்லை என்பதுதான் உங்கள் குறை என்றால் அழிக்கத் தேவையில்லை: கிரப் 2.06-இலிருந்து மற்ற சிஸ்டங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. ஈடிசி, டிஃபோல்ட், கிரப் என்ற ஃபைலில் "கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபோல்ஸ்" என்று ஒரு வரி சேர்த்து "சூடோ அப்டேட்-கிரப்" கொடுத்தால் வந்துவிடும்.

தென்மராட்சி ரீச்சர்:
எல்லாம் செய்துவிட்டேன். இப்போது நேரே விண்டோஸ் வருகிறது, எஃப்9 பட்டியலிலும் உபுண்டு இல்லை. ஒன்று மட்டும் மிச்சம். டிஸ்க் மனேஜ்மென்டில் உபுண்டு இருந்த இடம் கறுப்புப் பட்டையாக இருக்கிறது, ஆனால் சி டிரைவில் வலது கிளிக் பண்ணினால் எக்ஸ்டெண்ட் வொலியூம் மங்கலாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ரிக்கவரி என்று ஒரு சின்னப் பெட்டி.

கொக்குவிலான்:
அந்தச் சின்னப் பெட்டிதான் மறிக்கிறது ரீச்சர். காலி இடம் சியின் வலப்பக்கத்தில் ஒட்டியபடி இருந்தால்தான் விண்டோஸ் விரிக்க விடும். ரிக்கவரியை நகர்த்த மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் உங்களுக்கு அது தேவையில்லை. கறுப்புப் பட்டையில் வலது கிளிக், நியூ சிம்பிள் வொலியூம், என்டிஎஃப்எஸ், டி என்று எழுத்துக் கொடுத்து, பள்ளிக்கூட வேலை எல்லாவற்றையும் அதற்குள் மாற்றிவிடுங்கள். சியில் இடமும் கிடைக்கும், நாளைக்கு எந்தக் கடையிலாவது சியை ஃபோர்மட் பண்ணினாலும் வினாத்தாள் டியில் இருக்கும். பென்ட்ரைவ் பிரதியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.