மறுமொழி: முதுகெலும்பு ‘கம்ப்ரஷன் ஃபிராக்சர்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

> “அழுத்த முறிவு” என்றே வைத்துக்கொள்ளலாமே. எல்லோருக்கும் புரியும்.

வணக்கம் ஐயா. புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். ஓட்டக்காரர்களுக்குக் கால் எலும்பில் விழும் ‘ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர்’ இருக்கிறதே, அதையும் நாம் அழுத்த முறிவு என்றுதான் எழுதுவோம். அது ஓடி ஓடி வரும் விரிசல். கம்ப்ரஷன் ஃபிராக்சரிலோ முள்ளெலும்பு அமுங்கி அதன் உயரமே குறைந்துபோகிறது.

நான் எழுதுவது எழும்பூர் மருத்துவர் ஒருவர் கேட்ட பெற்றோர் கையேடு. ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்ஃபெக்டா, அதாவது எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய், உள்ள பிள்ளைகளைப் பற்றியது. பெரும்பாலும், எலும்புக்கு உறுதி தரும் புரதமான முதல்வகை கொலாஜனுக்கான மரபணுவில் பழுது. அன்றாடச் சுமையைக்கூட எலும்பு தாங்காது. வரைவை ஒரு தாயிடம் வாசித்துக் காட்டினேன். “முறிவா? இவ எங்கயும் விழவேயில்லையே சார்” என்றார். விழவே வேண்டாம் என்பதுதான் விஷயம். பல பிள்ளைகளுக்கு வலிகூட இருக்காது. பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும்.

சரி, முறிவை விட்டுவிட்டு ‘நசுங்கல்’ என்று போடலாமா? போட்டுப் பார்த்தேன். கீழே போட்ட சொம்புதான் நினைவுக்கு வந்தது. விஷயத்தின் கனமும் போய்விடுகிறது. பலத்த அடியோ அந்த இடத்தில் வேறு நோயோ இல்லாமல் ஒரு முள்ளெலும்பு இப்படி ஆனாலே, எலும்பு அடர்த்தி அளவு எப்படியிருந்தாலும், குழந்தைக்கு எலும்புப்புரை (ஆஸ்டியோபோரோசிஸ்) என்று கொள்ளலாம் என்கிறது 2013ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல். ஆகவே முறிவு இருக்கட்டும்.

என் பரிந்துரை: அமுங்குமுறிவு.

ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. அமுங்கிய, அமுங்குகிற, அமுங்கும் என்று முக்காலமும் உள்ளே அடங்கிவிடும். என்றைக்கு நடந்தது என்று பெற்ற தாய்க்கே தெரியாத, இனியும் அமுங்கக்கூடிய முறிவுக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் அகப்படவில்லை. இந்த முறிவின் கடுமையைத் தரம்பிரிக்கும் ஜெனன்ட் முறைப்படி, முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 சதவீதம் குறைந்தால் முதல்நிலை அமுங்குமுறிவு, 40 வரை இரண்டாம்நிலை, அதற்கு மேல் மூன்றாம்நிலை.

அப்புறம், ‘தண்டுவட முறிவு’ என்று யாரும் எழுதிவிடாதீர்கள். தண்டுவடம் நரம்பு. பிள்ளைக்குக் கால் போய்விட்டது என்றே வீட்டில் நினைப்பார்கள்.

இன்னொன்றுக்கும் சொல் வேண்டும். வளரும் வயதில் பிஸ்பாஸ்பொனேட் என்ற, எலும்பு கரைவதைக் குறைக்கும் மருந்து கொடுத்தால், அமுங்கிய முள்ளெலும்பு சில பிள்ளைகளுக்கு மெல்ல மெல்ல பழைய உயரத்துக்குத் திரும்புகிறது. ‘நிமிர்வு’ என்று எழுதி அடித்துவிட்டேன், கூன் நிமிர்ந்ததுபோல் இருக்கிறது. ‘மீள்வளர்ச்சி’யும் ஒட்டவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.